அங்காடி எங்கே இருக்கிறது? ஓசூரிலிருந்து பாரூர் வரை ஒரு நாள்

போன ஜூலை மாதம், மாங்காய் சீசன் முடியும் நேரத்தில், ஓசூரிலிருந்து குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி வழியாகப் பாரூர் வரை ஒரே நாளில் காரில் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. நான் பொய்க் கணக்கு எழுதினேனா இல்லையா என்று பார்க்க பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்தார். அவரோடு போனேன். ஆனாலும் வழி, நேரம், செலவு எல்லாம் யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன். நல்லபடியாகத்தான் முடிந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் பயந்தது போல நீங்களும் பயந்துகொண்டே படிக்க வேண்டாம்.

எனக்கு வயது பதினெட்டு. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரலே வராது. நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது ஓசூரில் ஒரு சர்வே கம்பெனியில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை. பேச வராதவளுக்கு இந்த வேலையா என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் இதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. என்ன பேச வேண்டும் என்று டேப்லெட்டிலேயே எழுதியிருக்கும். பார்த்து வாசித்தால் போதும். கேட்பது நான் இல்லை, டேப்தான் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால் குரல் வெளியே வந்துவிடும்.

இந்த சர்வே, மக்கள் எந்தக் கடைக்குப் போகிறார்கள் என்பதைப் பற்றியது. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பெரிய கடை திறக்க நினைக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் அங்கே வருவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். அதற்காக அரிசி எங்கே வாங்குகிறீர்கள், சோப்பு எங்கே, துணி எங்கே, எதில் போகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை போகிறீர்கள் என்று கேட்போம். நாங்கள் அனுப்புவதை வைத்து பெங்களூரில் மேகனா மேடம் கணக்குப் போடுவார்.

குருபரப்பள்ளிக்கு உள்ளே இருக்கும் ஒரு ஊரில் நான் எடுத்த பதில்களை அந்தக் கணக்கு ஏற்றுக்கொள்ளவில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை போகிறீர்கள் என்ற கேள்விக்கு, முக்கால்வாசி வீடுகளில் 'தினமும்' என்று இருந்தது. அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சூப்பர் மார்க்கெட் கிருஷ்ணகிரியில்தான், 17 கிலோமீட்டர். களை எடுக்கப் போகிறவர்களும் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்களும் தினமும் அவ்வளவு தூரம் போய்ச் சாமான் வாங்குகிறார்களா? டேப்பில் அந்தக் கேள்விக்கு முதல் பதிலே 'தினமும்'தான். எங்கள் டீம் லீடர் சார் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"வீட்ல ஃபேன் கீழ உக்காந்து மொதல் டிக்கையே போட்டுட்டு வந்தியா?"

நான் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் சொன்னதைத்தான் அழுத்தினேன். இதை வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். தலை குனிந்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. சார் என் டேப்பை வாங்கி வைத்துக்கொண்டார். மேடம் நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும், பொய் என்றால் வேலை இல்லை என்றார்.

காலை 7 மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்ட் எதிரே கார் ஏறினேன். ஓட்டியவர் முனிராஜ் அண்ணா, ஓசூர்க்காரர். மேகனா மேடம் பின் சீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். கண்டிப்பான ஆள் என்று நினைத்திருந்தேன், தூக்கக் கலக்கத்தில் இருந்தார். கன்னடக்காரர். தமிழ் பேசுவார், ஆனால் வேகமாகப் பேசினால் பிடிபடாது என்று அவரே சொன்னார்.

சூளகிரி வரை 26 கிலோமீட்டர். ஏழு மணிக்குப் பிறகு கம்பெனி பஸ்கள் சர்வீஸ் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும், அதனால் முக்கால் மணி நேரம் ஆனது. முன்கூட்டிக் கிளம்பினால் அரை மணி போதும். சூளகிரியில் ஹைவே ஓரக் கடையில் மூன்று பேர் இட்லி, வடை, டீ சாப்பிட்டோம். மொத்தம் 190 ரூபாய், மேடம் கொடுத்தார். எனக்கு இட்லி இறங்கவில்லை.

சூளகிரி தாண்டியதும் மேடம் என்னிடம் கேட்டார்.

"உங்க வீட்ல அரிசி எங்க வாங்கறீங்க?"

"ராயக்கோட்டை ரோட்ல ஒரு கடைல மேடம்."

"அதவிட கிட்ட வேற கடை இல்லையா?"

"இருக்கு. அம்மா அங்க போகாது. அந்தக் கடைக்காரரு எட போடறப்ப போன் பேசுவாரு."

முனிராஜ் அண்ணா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "கரெக்டு பாப்பா. பேச்சோட பேச்சா நூறு கிராம் அவரு பக்கமே நின்னுடும்."

மேடமும் சிரித்தார். பிறகு அவருடைய கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஒருவருக்கு நான்கு கடைகள் இருக்கின்றன என்றால் ஒவ்வொரு கடைக்கும் மார்க் போடுவார்களாம். கடை பெரிதாக இருந்தால் மார்க் ஏறும், தூரமாக இருந்தால் இறங்கும். விலை, பஸ் எல்லாம் அதில் சேரும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் தூரம் கொஞ்சம் குறைந்த மாதிரி ஆகிவிடும், அதையும் போட்டிருக்கிறேன் என்றார். கடைசியில் அந்த மார்க்குகளை வைத்து, நூறு தடவை கடைக்குக் கிளம்பினால் இதற்கு இத்தனை தடவை, அதற்கு இத்தனை தடவை என்று பிரிப்பார்களாம்.

"ஆனா உங்க அம்மாவோட போன் விஷயம் இருக்கில்ல, அது எனக்கு எப்பவும் தெரியாது. அந்த மாதிரி தெரியாததுக்கெல்லாம் கணக்குல ஒரு இடம் விட்டிருக்கேன். அதனாலதான் இந்தக் கடைக்குத்தான் போவாங்கன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

தெரியாததற்கு இடம் விட்டிருக்கும்போது என் பதில்களை மட்டும் ஏன் நம்பவில்லை என்று கேட்க நினைத்தேன். அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒருத்தர் வினோதமா இருக்கலாம்மா. ஊரே ஒரே மாதிரி வினோதமா இருக்காது."

குருபரப்பள்ளியில் ஹைவேயை விட்டு இறங்கி உள்ளே மூன்று கிலோமீட்டர் போனால் அந்த ஊர். பெயர் எழுதவில்லை, சர்வே எடுத்த ஊரை வெளியில் சொல்லக் கூடாது என்பது கம்பெனி விதி. பஸ்ஸில் வந்தால் ஹைவேயில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும், 20 ரூபாய். ஆள் சேரும்வரை கிளம்பாது. வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள், வெளியாட்களிடம் தமிழ்.

"நான் கேக்கறேன். நீ பக்கத்துல நில்லு, எதுவும் சொல்லாதே" என்றார் மேடம். எனக்கு அது சுலபம்தான்.

முதல் வீட்டில் ஒரு அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மேடம் கேட்டார். "சூப்பர் மார்க்கெட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒரு வாட்டி போவீங்க?"

"சூப்பர் மார்க்கெட்டா? நாங்க எங்க மேடம் அங்கல்லாம் போறோம்? பொங்கலுக்கு ஒருக்கா போனோம். ஏசில நின்னுட்டு வந்தோம்."

மேடம் லேப்டாப்பைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு நான் அனுப்பியது 'தினமும்'. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் காது சூடானது.

இரண்டாவது வீட்டிலும் அதே கதைதான். "அதெல்லாம் டவுன்ல இருக்கறவங்களுக்கும்மா" என்றார்கள். அங்கேயும் நான் அனுப்பியது 'தினமும்'. இதே வீட்டு வாசலில் நின்று இவர்கள் வாயால் 'தினமும்' என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது ஏன் மாற்றிச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. நான்தான் பைத்தியமா என்று கூடத் தோன்றியது. மேடம் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மூன்றாவது வீட்டில் லட்சுமம்மா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நீ போன மாசம் வந்த பாப்பாதானே? வாயத் தொறக்காத பாப்பா. இன்னிக்கு பேசறதுக்கு வேற ஆள் கூட்டியாந்துட்டியா?"

மேடம் அதே கேள்வியைக் கேட்டார். லட்சுமம்மா சோப்புக் கையோடு நிமிர்ந்தார்.

"அங்க எதுக்கும்மா போறேன்? இந்தப் பாப்பா கேட்டப்ப எல்லாம் சொன்னேனே. தெனம் போறேன்னு சொன்னேன், எழுதிக்கலையா?"

"தினமுமா? இப்ப போறதில்லன்னு சொன்னீங்களே?"

"நீ கேட்டது சூப்பர் மார்க்கெட்டு. பாப்பா கேட்டது அங்கடி. ரெண்டும் ஒண்ணா? அங்கடிக்கு தெனம் ரெண்டு வாட்டி போறேன். ராம்மா, சூபிஸ்தானு ரா." வா, காட்டுகிறேன் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

தெரு முனை திரும்பியதும் காட்டினார். கதவு அகலத்துக்கு ஒரு பெட்டிக்கடை. ஷாம்பு, காபித்தூள் பாக்கெட்டுகள் சரமாகத் தொங்கின. உள்ளே ஒருவர் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இதுதான் அங்கடி. இதுக்குக் கார் போட்டுக்கிட்டா வந்தீங்க?"

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன லட்சுமம்மா, கடைய வாங்க வந்திருக்காங்களா?"

"வாங்கினா உன்னையும் சேத்துக் குடுத்துடறோம்."

மேடம் அந்தக் கடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "ஐயோ, எங்க வீட்லயும் அங்கடி அந்த்ரெ, அங்கடின்னா, இதேதான்! எங்க அம்மா பால் வாங்கப் போறது அங்கடிக்குத்தான்" என்றார். தெலுங்கிலும் கன்னடத்திலும் எந்தக் கடையும் அங்கடிதானாம்.

டேப்பில் கேள்வி எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டார். 'பல்பொருள் அங்காடிக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை செல்கிறீர்கள்' என்றுதான் தமிழில் இருந்தது. முதலில் சோதனைக்குச் சில வீடுகளில் கேட்டபோது பல்பொருள் என்றால் யாருக்கும் புரியவில்லையாம், பல் பொருளா, பேஸ்ட்டா என்று கேட்டார்களாம். அதனால் பயிற்சி கொடுத்தபோதே 'அங்காடிக்கு' என்று மட்டும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். மேடத்துக்கு வரும் கணக்கில் அது ஆங்கிலத்தில் சூப்பர் மார்க்கெட் என்று மட்டும் இருக்கும். கேள்வியில் இந்த வார்த்தை இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீ பொய் எழுதல" என்றார் மேடம். அவ்வளவுதான் சொன்னார். லட்சுமம்மாவுக்கு அது எதற்கு என்று புரியவில்லை. "பின்ன, இந்தப் பாப்பா பொய் சொல்லணும்னா மொதல்ல பேசணுமே" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தக் கடையில் ஆளுக்கு ஒரு தேங்காய் பன் வாங்கினோம், ஒன்று 10 ரூபாய். காலையில் இறங்காத இட்லிக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

கிருஷ்ணகிரி போய்ச் சேர 12 மணி ஆனது. ஊருக்கு வெளியே மாங்காய் லாரிகள் வரிசையாக நின்றன. மாங்கூழ் ஆலைப் பக்கம் காற்று முழுக்கப் பழ வாசனை, கூடவே கொஞ்சம் புளித்த வாசனை. பஸ் ஸ்டாண்ட் அருகே சாப்பாடு 100 ரூபாய், சாம்பார் நன்றாக இருந்தது, ரசம் சுமார். அங்கேயே திரும்பிவிடுவோம் என்று நினைத்தேன். மேடம் பாரூருக்கும் போகலாம் என்றார். பாரூரில் நான் எடுத்த பதில்கள் அவர் கணக்கோடு அச்சாகப் பொருந்தியிருந்தன. தமிழ் பேசும் ஊரில் இந்த வார்த்தையால் குழப்பமில்லை என்று இரண்டு வீட்டில் பார்த்துவிட்டால், தெலுங்கு, கன்னடம் பேசும் எல்லைப் பக்கத்து ஊர்களை மட்டும் திருத்தினால் போதும் என்று எழுதிவிடலாமாம்.

பாரூர் கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், காவேரிப்பட்டணம் தாண்டிப் போக வேண்டும். காரில் ஐம்பது நிமிடம். பஸ் என்றால் மாறிப் போக வேண்டியிருக்கும், ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் தென்னையும் கரும்பும். கால்வாயில் தண்ணீர் ஓடியது. பாரூர் ஏரி முழுதாக நிரம்பவில்லை என்றாலும், ஹைவேயின் லாரிப் புகைக்குப் பிறகு அந்தக் காற்றே போதும் என்று இருந்தது. அந்த ஒரு மணி நேரம்தான் நான் இந்தப் பயணத்தை ஒரு பயணமாக அனுபவித்தேன்.

"நீ பழைய மாதிரியே கேளு" என்றார் மேடம். நெல் நாற்றங்காலிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். பெயர் பச்சையம்மா, முன்பும் இவரிடம் கேட்டிருக்கிறேன். அங்காடிக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை போவீங்க அக்கா?

"மாசம் ஒருவாட்டி கண்ணு. அதான் அன்னிக்கே சொன்னனே."

மேடத்துக்கு முகம் மலர்ந்தது. லேப்டாப்பிலும் அதேதான் இருந்தது. பச்சையம்மா அக்கா சேற்றுக் காலைக் கால்வாயில் கழுவிக்கொண்டே மளமளவென்று பேசினார்.

"இந்த மாசம் சக்கர போட்டாங்க, பாமாயில் போட்டாங்க, பருப்பு மட்டும் வரல வரலன்னே சொல்றாங்க. நீங்க ஆபீஸ்லேர்ந்துதான வரீங்க? எப்ப வருதுன்னு கேட்டுச் சொல்லு கண்ணு."

அவர் சொல்லிக்கொண்டிருந்தது ரேஷன் கடை. எங்கள் பக்கம் ரேஷன் கடைப் பலகையில் நியாய விலை அங்காடி என்றுதான் எழுதியிருக்கும். மாதம் ஒரு முறை போவார்கள். பெரிய கடைக்கும் ஊர்க்காரர்கள் மாதம் ஒரு முறைதான் போவார்கள் என்று மேடத்தின் கணக்கு சொல்லியிருக்கிறது. அதனால் பொருந்திவிட்டது.

வேகமான தமிழ் என்பதால் மேடத்துக்குப் பருப்பு விஷயம் பிடிபடவில்லை. அடுத்த வீட்டிலும் மாதம் ஒரு முறை என்றார்கள். அவர் நிம்மதியாக லேப்டாப்பை மூடினார். "பர்ஃபெக்ட்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். காலையில்தான் என் பெயர் தப்பித்திருந்தது. பாரூர் கணக்கில் தப்பு என்று யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. சொன்னால், இவள் எடுத்தது எல்லாமே தப்பு என்று மறுபடி ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. வாசித்துச் சொல்ல டேப்பில் இதற்கு வரி எழுதியிருக்கவும் இல்லை. கார் ஏரிக்கரை ஓரமாகத் திரும்பியபோது சொன்னேன்.

"மேடம், பாரூரும் தப்பு."

"என்ன?"

"அவங்க சொன்னது ரேஷன் கடை. சக்கர, பாமாயில்னு சொன்னாங்கல்ல. அங்காடின்னா இங்க ரேஷன் கடை. நான் போன மாசம் கேட்டப்பவும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க."

முனிராஜ் அண்ணா வண்டியை ஓரம் கட்டினார். "ஆமா மேடம். பருப்பு வரலன்னு அந்தம்மா சொன்னது என் காதுலயும் விழுந்துது. நான் வேற ஏதோன்னு நெனச்சேன்."

மேடம் லேப்டாப்பைத் திறந்தார், மூடினார்.  பிறகு, "தப்பா தெரியறத நான் கண்டுபிடிச்சுடுவேன். சரியா தெரியறத நான் ஏன் பாக்கப் போறேன்?" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. அங்கேயே லீடர் சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்த ஒரு கேள்வி எல்லா ஊர்லயும் திரும்பக் கேக்கணும். இந்த வார்த்தை வேண்டாம். கடையோட போட்டோ காட்டிக் கேளுங்க."

"எல்லா டீமுமா மேடம்?" சாரின் குரல் அழுவது போல இருந்தது. "அப்ப அந்தப் பொண்ணு?"

"அவ எழுதினது எல்லாம் உண்மை. கேள்விதான் பொய். முதல்ல அவளையே அனுப்புங்க."

சார் என்னிடம் பேச வேண்டும் என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "காலைல வந்து டேப் வாங்கிக்க, சார்ஜ் போட்டு வைக்கிறேன்" என்றார். எனக்கு அதுவே போதும். சரி சார் என்றேன், இந்தத் தடவை சத்தமாக. கிருஷ்ணகிரி தாண்டியதும் தூங்கிவிட்டேன். சூளகிரி எப்போது போனது என்று தெரியாது. சாயங்காலம் 7 மணிக்கு ஓசூரில் முனிராஜ் அண்ணா எழுப்பினார்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காரில் மொத்தம் 170 கிலோமீட்டருக்குப் பக்கம் வந்தது. பஸ்ஸில் போனால் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது, நான் போனபோது 45 ரூபாய் வாங்கினார்கள். உள்ளூர்ப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத வண்டி எது என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலையில் வெயிலும் உண்டு, சாயங்காலம் மழையும் உண்டு, குடை தேவை. பாரூருக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சர்வே வேலைக்கே வருகிறவர்கள், ஒரு கேள்விக்குப் பதில் வந்த பிறகு, 'அங்கே என்ன வாங்குவீங்க' என்று கூட ஒன்று கேட்டுவிடுங்கள். டேப்பில் இல்லாவிட்டாலும் கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், அதற்குக் குரல் வரக் கொஞ்ச நாள் ஆனது.

சும்மா ஊர் சுற்ற வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். இந்தப் பக்கம் யாரிடமாவது அங்காடி எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் சரியாகத்தான் கை காட்டுவார்கள், ஆளுக்கு ஒரு திசையில். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள்.